தட்டினால் திரும்பிப் படுக்கணும்!

வாசகர் கேள்வி – பதில்

சுற்றுலாக் குழுக்களை அழைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் நாடு நாடாகச் சுற்றியவள் நான். "வெளிநாட்டில் அழகு சமாசாரத்தில் அசடு வழிந்த அனுபவம் உண்டா? கேள்வி இருந்தாலும் எழுதுங்கள்" என்று போன இதழில் கேட்டிருந்தேன். நாலைந்து கடிதம் வரும் என்று நினைத்தேன். வந்து குவிந்ததைப் பார்த்தால், அசடு வழியாமல் ஊர் திரும்பியவர் ஒருவருமே இல்லை போலிருக்கிறது. முக்கால்வாசிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. மானம் போவதென்றால் என்னுடையது மட்டும் போகட்டும்.

அடுத்த மாதம், வேலைக்குப் போகும் மகளோடு தென்கொரியா போகிறேன். சோல் நகரில் ஏதோ குளியல் கூடத்தில் உடம்பு தேய்த்துவிட இருவருக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறாள். உடம்பில் பொட்டுத் துணி இருக்கக் கூடாதாமே! நீச்சலுடை போட்டுக்கொண்டு போனால் விடமாட்டார்களா?
— மகளிடம் கேட்க வெட்கப்படும் அம்மா

விடமாட்டார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஆறுதல் அவ்வளவுதான்.

ஜிம்ஜில்பாங் என்று அந்த இடத்துக்குப் பெயர். வாசலில் செருப்பை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே உடைகளுக்கு இன்னொரு பெட்டி. அதன் சாவியை ஒரு ரப்பர் வளையத்தில் கோத்து மணிக்கட்டில் மாட்டிவிடுவார்கள். அப்புறம் உங்கள் மேலே மிச்சம் இருப்பது அந்த வளையம் ஒன்றுதான். முதல் தடவை போனபோது, கொடுத்த துண்டால் எதை மறைப்பது என்று தெரியாமல் சுவரோரமாகவே நடந்தேன். துண்டு கைக்குட்டைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. உள்ளே பாட்டிகள், நடுவயதுக்காரர்கள், அக்கா தங்கைகள் எல்லாரும் அவரவர் காலைத் தேய்த்துக்கொண்டு குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. துண்டோடு பதுங்கிப் பதுங்கிப் போன என்னைத்தான் பார்த்தார்கள்!

முதலில் உட்கார்ந்து குளிக்க வேண்டும். அப்புறம் வெந்நீர்த் தொட்டியில் இருபது முப்பது நிமிடம் ஊற வேண்டும். சாவியில் இருக்கும் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். போனால், பிளாஸ்டிக் உறை போட்ட மேசை. பக்கத்தில் கறுப்பு உள்ளாடையோடு ஓர் அம்மாள். அந்தக் கூடத்திலேயே துணி உடுத்தியவர் அவர் ஒருவர்தான். படுக்கச் சொல்லி ஒரு வாளித் தண்ணீரைத் தலைமுதல் கால்வரை வீசினார். கையில் பச்சை நிறத்தில் ஒரு சொரசொரப்பான உறை மாட்டியிருந்தார். அதற்கு 'இத்தாலி டவல்' என்று பெயர். இத்தாலிக்காரர் யாரும் அதைப் பார்த்திருக்கப் போவதில்லை. 1960களில் பூசான் நகரில் உருவான சாமான் அது. துணி இத்தாலியிலிருந்து வந்தது, அதனால் பெயரும் ஒட்டிக்கொண்டது.

தேய்க்க ஆரம்பித்தார். ஊறிப்போன செத்த தோல், எழுத்தை அழித்தால் ரப்பர் திரிந்து உருளுமே, அந்த மாதிரி சாம்பல் நிறத்தில் உருண்டு உருண்டு வந்தது. தினம் இரண்டு வேளை குளிக்கிறவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. அன்றைக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. திடீரென்று தொடையில் பளார் என்று ஒரு தட்டு. இவ்வளவு அழுக்கா என்று கோபப்படுகிறார் போல என்று நினைத்து, தெரிந்த ஒரே கொரிய வார்த்தையில் நன்றி சொன்னேன். இன்னொரு தட்டு. இன்னொரு நன்றி. மூன்றாவது தட்டுக்குப் பக்கத்து மேசையில் கிடந்த பெண் பொறுக்க முடியாமல் ஒருக்களித்துப் படுத்துக் காட்டினாள். அப்போதுதான் விளங்கியது: தட்டினால் திரும்பிப் படுக்கணும்!

ஒருக்களித்து, குப்புற, மறுபடி ஒருக்களித்து என்று நாலு பக்கமும் ஆகும்; தோசைக்கே இரண்டு பக்கம்தான். முடிந்ததும் அந்த அம்மாள், உருண்டு கிடந்ததை எல்லாம் கையால் கூட்டி என் முகத்துக்கு நேரே காட்டினார். அதில் பரிகாசம் இல்லை. தொழிலில் கெட்டிக்காரர் தன் வேலையைக் காட்டுகிற பெருமை. அன்றைக்கு என் வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

இப்போது உங்களுக்கு. அன்று காலையில் லோஷன், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். வழுக்கினால் தோல் உரியாது. முதல்நாள் ஷேவ் செய்வதும் வேண்டாம், எரியும். வெயிலில் தோல் சிவந்திருந்தால் வேறு நாள் போங்கள். வலித்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், மெதுவாகத் தேய்ப்பார்கள். முடிந்ததும் கால்சட்டை, சட்டை தருவார்கள். போட்டுக்கொண்டு பொதுக்கூடத்துக்கு வந்து, ஆட்டுக்கொம்பு மாதிரி துண்டைச் சுருட்டித் தலையில் மாட்டி, சுட்ட முட்டையும் சிக்கே என்ற அரிசிப் பானமும் சாப்பிட்டபடி மகளோடு தரையில் சாயலாம். மகள் எதற்காகக் கூட்டிப் போகிறாள் என்று அங்கேதான் தெரியும்.

இஸ்தான்புல்லில் முடிவெட்டும் கடையில் என் வீட்டுக்காரரின் காதில் தீ வைத்தார்கள். கொலை முயற்சியா?
— பயந்துபோய் வெளியே ஓடிய மனைவி

காதுமடல் முடியைக் கருக்குகிற வேலை அது. குச்சியில் பஞ்சு சுற்றி, சாராயத்தில் நனைத்து, பற்றவைத்து, காதை டப்டப்பென்று தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். தீ ஒரு கணத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்காது. என் குழுவில் வந்த ஒரு பெரியவர், கழுத்தில் கட்டிய துணியோடு இரண்டு தெரு தாண்டி ஓடிவிட்டார். கடைக்காரர் அவர் பின்னாலேயே ஓடியது காசுக்காக இல்லை, ஒரு காது பாக்கி இருந்தது.

எலுமிச்சை வாசனைத் தண்ணீரைக் கையில் கொட்டியிருப்பார்களே? கொலோன்யா. அதிலும் முக்கால் பங்குக்கு மேல் சாராயம்தான். அங்கே வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் பேருந்துப் பயணிகளுக்கும்கூட அதைக் கையில் ஊற்றி உபசரிப்பார்கள். குடித்துவிடாதீர்கள் என்று குழுவினரிடம் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

மராக்கேஷ் சந்தையில் வாங்கிய கறுப்புக் களிம்பை ஜாம் என்று நினைத்து என் மாமியார் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டார். இரண்டாவது வாய் எடுத்த பிறகுதான் சோப்பு என்று தெரிந்தது. வாய் கொப்பளித்து, தண்ணீர் குடித்து, நன்றாகவே இருக்கிறார். ஆனால் நான் வேண்டுமென்றே கொடுத்தேன் என்கிறார். எப்படி நம்பவைப்பது?
— நிஜமாகவே நிரபராதியான மருமகள்

குடும்பப் பஞ்சாயத்து இந்தப் பக்கத்தில் கிடையாது. மாமியாருக்காக ஒன்று சொல்கிறேன்: யாராக இருந்தாலும் ஏமாறுவார்கள். மொராக்கோவில் அந்தச் சோப்பை ஆலிவ் எண்ணெயிலிருந்து செய்கிறார்கள். பழுப்பும் கறுப்புமாக, பளபளவென்று, கரண்டியால் அள்ளி டப்பாவில் போட்டுத் தருகிறார்கள். மசாலாவும் ஊறவைத்த ஆலிவும் விற்கும் சந்துகளிலேயே அதுவும் குவிந்திருக்கும். என்னதான் செய்வார், பாவம். ஆனால் இரண்டாவது வாய் எதற்கு எடுத்தார் என்பதை நீங்கள் நியாயமாகவே கேட்கலாம்.

மிச்சம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நுரை வரவில்லை என்று மேலும் மேலும் தேய்க்கவும் வேண்டாம். அந்தச் சோப்பு நுரைக்காது. வெந்நீரில் நன்றாக நனைந்த உடம்பில் மெல்லிசாகப் பூசி, ஐந்து பத்து நிமிடம் விட்டு, கழுவிவிட்டு, சொரசொரப்பான கையுறையால் தேய்க்க வேண்டும். அங்கே பொதுக் குளியல் கூடமான ஹம்மாமில் இதுதான் முறை. தலைக்கு அட்லஸ் மலைப்பகுதியில் தோண்டியெடுக்கும் கசூல் என்ற களிமண் போடுவார்கள். பார்க்க அதுவும் சாக்லேட் மாதிரிதான் இருக்கும். மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாக்கடலில் இறங்கிய அன்று காலையில்தான் கால் ஷேவ் செய்திருந்தேன்.
— ஒரு வாசகி

கேள்வியே இல்லை, ஆனாலும் புரிகிறது. மற்றக் கடல்களைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு அது. ஜோர்டான் பக்கம் நீங்கள் அலறியது எதிர்க்கரை இஸ்ரேல் வரை கேட்டிருக்கும்.

ஜெர்மனியில் நிம்மதியாக முகத்துக்கு ஒரு க்ரீம் வாங்கப் போய் ஆரஞ்சுப் பழமாகத் திரும்பினேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். முழுக் கதையையும் சொல்லாமல் விடப்போவதில்லை.
— நாலு பேர் கையெழுத்திட்ட கடிதம்

நாலு பேர் கையெழுத்தா? சரி.

குளிர்காலம். தோல் வெடித்துச் செதில் செதிலாக இருந்தது. ஹோட்டலுக்குப் பக்கத்துக் கடையில் 'பாடிலோஷன்' என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. அந்த ஒரு வார்த்தைதான் புரிந்தது. கூடவே 'ஸெல்ப்ஸ்ட்ப்ராய்னர்' என்று நீளமாக ஏதோ இருந்தது. ஜெர்மன் மொழியில் எல்லாமே நீளமாகத்தான் இருக்கும் என்று அதை நான் சட்டை செய்யவில்லை. மேலே சூரியன் படம். வெயிலுக்கும் பாதுகாப்பு, பரவாயில்லையே என்று வாங்கி, ராத்திரி முகம், கை, கால் எல்லாம் தாராளமாகப் பூசிக்கொண்டு படுத்தேன்.

'தானே பழுப்பாக்குவது' என்று அந்த வார்த்தைக்கு அர்த்தம். வெயிலில் காயாமலே மாநிறம் வாங்கித்தரும் க்ரீம். அதில் டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் என்று ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது. தோலின் மேல்பரப்பில் இருக்கும் செத்த செல்களின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து சில மணி நேரத்தில் பழுப்பாகும். ரொட்டி சுடும்போது மேல்தோல் சிவக்கிறதே, அதற்குச் சொந்தக்காரன்தான் இந்த வினையும். தோல் தடிமனாக இருக்கும் இடத்தில் சாயம் கூடுதலாகப் பிடிக்கும்: முழங்கை, முழங்கால், குதிகால், கழுவாமல் விட்ட உள்ளங்கை.

நான் பிறவியிலேயே நல்ல கறுப்பு. அந்த ஊர்க்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் நிறம் என்னிடம் ஏற்கெனவே கிடங்கு கிடங்காக இருக்கிறது. அதனால் முகத்தில் பெரிசாக ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கை இரண்டும் காரட்! காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. செத்த தோல் தானாக உதிர ஒரு வாரம் ஆகும் என்று கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். அந்த ஒரு வாரமும் முப்பத்தொரு பேர் கொண்ட குழு என் பின்னால் வந்தது. கையைத் தூக்கினால் போதும், எந்தக் கூட்டத்திலும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கொடி பிடிக்கும் வேலை மிச்சம்.

இதற்கு நேர் எதிரான காட்சியை சீனாவின் சிங்தாவோ கடற்கரையில் பார்த்தேன். காலையில் குழுவோடு போய் இறங்கினால், வங்கியைக் கொள்ளையடிக்க வந்த கும்பல் மாதிரி பத்துப் பன்னிரண்டு பெண்கள். பச்சையும் மஞ்சளுமாக முகமூடி. கண், மூக்கு, வாய்க்கு மட்டும் ஓட்டை. கொள்ளைக்காரிகள் இல்லை, குளிக்க வந்தவர்கள். ஃபேஸ்கினி என்று அதற்குப் பெயர். முகம் கறுத்துவிடக் கூடாது என்று 2004 வாக்கில் அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் நீச்சலுடைத் துணியில் தைத்தது பரவிவிட்டது. சொறிமீன் கடிக்கும் நல்லது என்கிறார்கள். ஒருத்தி என்னோடு படம் எடுத்துக்கொண்டாள். முகமூடியைக் கழற்றவே இல்லை. யாரோடு எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

ஓரிடத்தில் கறுக்க க்ரீம், இன்னோரிடத்தில் வெளுக்க க்ரீம். கறுக்க வைத்ததால் எனக்கு ஒரு வாரத்துச் சிரிப்போடு போயிற்று. வெளுக்க வைப்பதாகச் சொல்லி, பெயரும் சேர்மானமும் இல்லாத டப்பாவில் விற்பதை மட்டும் எந்த நாட்டிலும் தொடாதீர்கள். அவற்றில் பாதரசம் கலப்பது உண்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுச் சாதனங்களை 2020-க்குள் ஒழிக்க வேண்டும் என்று மினமாட்டா உடன்படிக்கையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. சந்துக்கடைக்காரருக்கு அந்த உடன்படிக்கை தெரியாது.

யாங்கூனில் ஒரு பூக்காரம்மா என் கன்னத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையாக ஏதோ பூசிவிட்டார். சேறு என்று நினைத்து அவர் கண்ணெதிரே துடைத்துவிட்டேன். அவர் முகம் வாடியது இன்னும் உறுத்துகிறது. தப்புத்தானே?
— துடைத்தவள்

தெரியாமல் செய்தது. அவருக்கும் அது புரிந்திருக்கும்.

அது தனாக்கா. எலுமிச்சைக் குடும்பத்து மரம் ஒன்றின் கட்டை. வட்டமான கல்லில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பட்டையை உரசி உரசி எடுக்கும் விழுது. பூசினால் குளுகுளுவென்று இருக்கும், காயும்போது கன்னம் இறுகும். வெயிலுக்காகவும் பூசுவார்கள், அழகுக்காகவும் பூசுவார்கள். இலை வடிவத்தில் அச்செடுத்த மாதிரி பூசிக்கொண்டு பெண்கள் வேலைக்குப் போவார்கள். சின்னப் பையன்கள் கன்னத்திலும் இருக்கும். மியான்மரில் இது எத்தனையோ தலைமுறைப் பழக்கம்.

எனக்குப் பூசிவிட்டவர் தங்கும் விடுதியில் துணி மடிக்கும் பெண். அவசரத்தில் கிளம்பியதில் கன்னத்தில் அது இருப்பதே மறந்துபோய் விமான நிலையம் போய்விட்டேன். கடவுச்சீட்டைப் பார்த்த பெண் அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கேயும் தனாக்கா! முத்திரை குத்தும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மறுபடி போனால் கன்னத்தைக் காட்டுங்கள். பூக்காரம்மாக்கள் அங்கே எப்போதும் இருப்பார்கள்.

ஜப்பானில் பறவை எச்சத்தை முகத்தில் பூசுகிறார்களாமே, நிஜமா?
— நம்பாதவர்

நிஜம். ஒருவகைக் குருவியின் எச்சத்தைக் காயவைத்து, கிருமி நீக்கிப் பொடியாக்கி விற்கிறார்கள். 'உகுயிசு நோ ஃபுன்' என்று பெயர். கெய்ஷா என்ற ஆடல்பாடல் கலைஞர்களும் கபுகி நாடக நடிகர்களும் கனமான வெள்ளை ஒப்பனையைக் கலைக்க அந்தக் காலத்தில் பயன்படுத்தியது. நான் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். அதோடு சரி.

மீன்களிடம் காலைக் கொடுக்கலாமா?
— கூச்சக்காரர்

துருக்கியில் காங்கல் என்ற இடத்து வெந்நீர் ஊற்றில் கார்ரா ரூஃபா என்ற சின்ன மீன்கள் உண்டு. பல் கிடையாது, ஊறிய தோலை உறிஞ்சித் தின்னும். அங்கே தோல் நோய்க்காரர்கள் தேடிப் போவார்கள். சுற்றுலாத் தலங்களில் தெருவுக்குத் தெரு வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டி வேறு கதை. ஒரே தண்ணீர், ஒரே மீன், பல கால்கள். மீனைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்க முடியாது. காலில் புண்ணோ, உடம்பில் சர்க்கரையோ இருந்தால் கிட்டே போகாதீர்கள். நான் ஒருமுறை காலை விட்டுப் பார்த்தேன். நாலு விநாடி.

அலுவலக வேலையாக ஜெர்மனி போயிருந்தோம். ஹோட்டல் நீராவிக் குளியல் அறையில் ஆண், பெண் சேர்ந்து உட்காருகிறார்கள், நீச்சலுடை கூடாது என்று பலகை வேறு. என் மேலதிகாரி "வாங்க போகலாம்" என்றார். தலைவலி என்று சொல்லித் தப்பித்தேன். கோழையா நான்?
— தலைவலிக்காரர்

புத்திசாலி. அந்த ஊரில் அது சகஜம். செயற்கைத் துணி வியர்வையைப் பிடித்து வைக்கும், சுத்தமில்லை என்பது அவர்கள் கணக்கு. வெறும் பலகையில் உடம்பு படக் கூடாது; கால் வரை துண்டை விரித்து உட்கார வேண்டும். அதை மறந்தால்தான் முறைப்பார்கள். தெரியாத ஜெர்மானியர்களோடு உட்காருவதில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை கூட்டத்தில் எதிரே உட்காரப் போகிறவரோடு எதற்கு?

பின்லாந்தில் பொது இடங்களில் பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனி. சுமார் ஐம்பத்தைந்து லட்சம் பேர் இருக்கும் நாட்டில் முப்பது லட்சம் சௌனா, அதாவது இந்த மாதிரிக் குளியல் அறை, இருக்கிறதாம். 2020-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கே பிர்ச் மரக்கொத்தால் தோளிலும் முதுகிலும் அடித்துக்கொள்வார்கள், ரத்த ஓட்டத்துக்கு. ஒரு பாட்டி என் கையிலும் ஒரு கொத்தைக் கொடுத்து முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வயதானவரை எப்படி அடிப்பது என்று தடவிக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தார் பாருங்கள் ஒரு பார்வை! வாங்கி, என்னை அடித்துக் காட்டினார்.

இவ்வளவு பட்டும் மறுபடி போவீர்களா?
— சும்மா கேட்கிறேன்

போனேனே. இரண்டு வருடம் கழித்து அதே சோல், அதே குளியல் கூடம். இந்தத் தடவை துண்டால் எதையும் மறைக்கவில்லை. ராணி மாதிரி நடந்து போனேன். தொட்டியில் ஊறி, எண்ணைக் கூப்பிட்டதும் போய், மேசையில் மல்லாந்து படுத்தேன். வேறோர் அம்மாள். அனுபவசாலி என்று காட்ட வேண்டாமா? தட்டுவதற்கு முன்பே, நானாகவே டக்கென்று ஒருக்களித்துத் திரும்பினேன்.

பளார்! இன்னும் இந்தப் பக்கம் முடியவில்லையாம்.